அடுப்புக்கும் பந்திக்கும் நடுவே ஒரு வாக்கி டாக்கி

அழகர்கோவில் பக்கம் விருந்து பாதி மண்டபத்தில் நடக்கும், பாதி தோப்பில் நடக்கும். பதினெட்டாம்படிக் கருப்பணசாமிக்கு நேர்ந்துகொண்டவர்கள் கிடாயோடு வருவார்கள். மொட்டை, காதுகுத்து முடிந்ததும் சொந்தபந்தம் மொத்தமும் மாந்தோப்பிலோ தென்னந்தோப்பிலோ உட்கார்ந்து கறிச்சோறு சாப்பிட்டுவிட்டுத்தான் ஊர் திரும்பும். அந்தச் சமையலை எடுத்துச் செய்வதுதான் என் தொழில். அடுப்பு ஒரு மூலையில் இருக்கும். புகை எட்டாத தூரத்தில் பந்தல். வண்டி நிறுத்துவது தார்ச்சாலை ஓரம். தண்ணீர்த் தொட்டி இன்னொரு பக்கம். கத்தினால் கேட்காது. ஆள் அனுப்பினால், அவன் போய்ச் சேர்வதற்குள் குழம்பு கேட்டவர் ரசத்துக்குப் போயிருப்பார்.

போன் இருக்கிறதே என்பீர்கள். சித்திரையில் அழகர் மலையிலிருந்து இறங்கி மதுரைக்குப் புறப்படும் நாளிலும், ஆடித் தேர் அன்றைக்கும் இங்கே போனை நம்பி யாரும் பந்தி நடத்த முடியாது. ஒரு டவர் தாங்குகிற அழைப்புக்கு ஓர் அளவு உண்டு. கூட்டம் அதைத் தாண்டியதும் கோடு முழுசாகக் காட்டும், அழைப்பு மட்டும் போகாது. சாதாரண நாளிலும் மசாலாக் கையோடு மாஸ்டர் போனை எடுக்க மாட்டார். வாக்கி டாக்கிக்கு டவர் வேண்டாம். ஒரு செட்டிலிருந்து இன்னொரு செட்டுக்கு நேராகப் போகிறது.

இன்னொரு வேறுபாடுதான் முக்கியம். போனில் ஒருவர் இன்னொருவரோடு பேசுகிறார். வாக்கி டாக்கியில் ஒருவர் பேச, எல்லாரும் கேட்கிறார்கள். ‘மூணாவது பந்தி உக்காந்தாச்சு’ என்று ஒரு தடவை சொன்னால் அடுப்பு, தண்ணீர், வாசல் எல்லா இடத்துக்கும் சேதி போய்விடும். இந்தக் கருவியால் வருகிற நன்மை, தொல்லை இரண்டும் இதிலிருந்துதான் தொடங்குகின்றன. கீழே சொல்லப்போகும் யோசனைகளும் இதை ஒட்டியவையே.

வாங்கும் முன் பெட்டியில் பார்க்க வேண்டியது

அலைவரிசை பொதுச் சொத்து. இஷ்டத்துக்கு எடுத்துப் பேச முடியாது. 1885ஆம் ஆண்டின் தந்திச் சட்டம், 1933ஆம் ஆண்டின் கம்பியில்லாத் தந்திச் சட்டம் இரண்டின் இடத்துக்கும் வந்திருப்பது 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம். எந்தச் சட்டமானாலும் அடிப்படை ஒன்றுதான்: உரிமம் வேண்டும், அல்லது உரிமம் வேண்டாம் என்று அரசே விலக்குக் கொடுத்த அலைவரிசையில் பேச வேண்டும்.

2018இல் வந்த விதிகளின்படி, குறைந்த சக்தியுள்ள கையடக்கக் கருவிகளுக்கு 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை உரிமம் தேவையில்லை. 12.5 கிலோஹெர்ட்ஸ் இடைவெளியில் பிரித்தால் இதில் 16 சேனல்கள் கிடைக்கும். எங்களைப் போன்ற தோப்பு விருந்துக்கு இது தாராளம். பெட்டியில் இரண்டைப் பார்த்து வாங்குங்கள். ஒன்று, ‘446’ என்ற அலைவரிசை. இரண்டு, ஈ.டி.ஏ. என்கிற கருவி ஒப்புதல் எண். உரிமம் வேண்டாத செட்டுக்கும் இந்த ஒப்புதல் கட்டாயம். அதைக் கொடுப்பது மத்தியத் தொலைத்தொடர்புத் துறையின் டபிள்யூ.பி.சி. பிரிவு.

‘அஞ்சு வாட், ரேஞ்ச் அதிகம், விலையும் கம்மி’ என்று ஆன்லைனில் வரும் செட்டுகளைப் பார்த்து மயங்க வேண்டாம். அவற்றில் பல, 400 முதல் 520 மெகாஹெர்ட்ஸ் வரை எங்கு வேண்டுமானாலும் பேசக்கூடியவை. தெரியாமல் ஒரு எண்ணைத் தட்டினால் காவல்துறையோ வேறு சேவையோ பயன்படுத்தும் அலைவரிசையில் போய் நிற்கும். லட்சக்கணக்கில் கூட்டம் கூடும் ஊரில் அது விளையாட்டல்ல. இப்படிப்பட்ட செட்டுகளை விற்றதற்காக 2025 மே மாதம் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 13 இணைய விற்பனைத் தளங்களுக்கு நோட்டீஸ் அனுப்பியது. அதே மாத இறுதியில் விற்பனைக்கு வழிகாட்டு நெறிகளும் வந்தன. விற்பனைக்கு வைத்திருக்கிறார்கள் என்பதாலேயே அதில் பேசலாம் என்று ஆகிவிடாது.

‘ஹாம் ரேடியோ லைசென்ஸ் எடுத்துட்டா போதுமே’ என்று ஒரு யோசனையும் சொல்வார்கள். அது பொழுதுபோக்குக்கும் தொழில்நுட்பப் பயிற்சிக்கும் உள்ளது. அதில் வியாபாரம் பேசக் கூடாது. பெரிய குவாரி, ஆலை, பல ஏக்கர் விடுதி என்று அதிக சக்தி நிஜமாகவே தேவைப்படுகிறவர்கள், டபிள்யூ.பி.சி.யிடம் ‘சரல் சஞ்சார்’ இணையதளம் வழியாக விண்ணப்பித்துத் தங்களுக்கென அலைவரிசை ஒதுக்கீடு பெற வேண்டும். அதற்குக் கட்டணம் உண்டு.

அட்டைப்பெட்டி தூரமும் தோப்புத் தூரமும்

பெட்டியில் ஐந்து கிலோமீட்டர், எட்டு கிலோமீட்டர் என்று போட்டிருக்கும். நடுவில் மரமோ சுவரோ இல்லாமல், ஒருவரை ஒருவர் பார்க்க முடிகிற வெட்டவெளிக் கணக்கு அது. அரை வாட் செட்டை வைத்துக்கொண்டு மாந்தோப்புக்குள் நின்றால் நூறுகளில்தான் மீட்டர்களை எண்ண வேண்டும். மழை பெய்து இலையெல்லாம் நனைந்திருந்தால் இன்னும் குறையும். மலை குறுக்கே வந்தால் பேச்சே கிடையாது. கீழே கள்ளழகர் கோவில் பக்கம் நிற்பவர், மேலே பழமுதிர்சோலையிலோ நூபுர கங்கையிலோ இருப்பவரோடு இதில் பேசலாம் என்று நம்பி வேலையைப் பிரிக்காதீர்கள். பாறையைத் துளைத்துக்கொண்டு இந்த அலை போகாது. மாட்டுத்தாவணியிலிருந்து வரும் வாழையிலை வண்டிக்கும் போன்தான் சரி.

விருந்துக்கு முன் ஒரு நடை பாருங்கள். ஒருவர் அடுப்படியில் நிற்க, இன்னொருவர் பந்தல், தொட்டி, வாசல் என்று நடந்து ஒவ்வோர் இடத்திலிருந்தும் கூப்பிட வேண்டும். இதை வண்டிகள் வந்து நின்றபிறகு செய்வது நல்லது. காலி இடத்தில் தெளிவாகக் கேட்டது, இரண்டு வேனும் ஒரு பஸ்ஸும் குறுக்கே நின்றதும் கரகரக்கும். 446 மெகாஹெர்ட்ஸின் அலைநீளம் சுமார் 67 சென்டிமீட்டர். அதனால் ஓரிடத்தில் கேட்காதது, ஓர் எட்டு தள்ளி நின்றால் கேட்பது வழக்கம். கேட்கவில்லையென்றால் சத்தம் கூட்ட வேண்டாம், இடம் மாறு என்று பையன்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுவேன். இடுப்பில் மாட்டியபடி பேசினால் உடம்பே அலையைப் பாதி விழுங்கிவிடும். முகத்துக்கு நேரே, ஆன்டெனா செங்குத்தாக நிற்கும்படி பிடிக்க வேண்டும்.

செட் பண்ணுவது

முதல் வேலை, எண் ஒட்டுவது. ஒவ்வொரு செட்டிலும் வெள்ளை டேப்பில் 1, 2, 3 என்று எழுதி ஒட்டுங்கள். சார்ஜரிலும் அதே எண். எந்தச் செட் யாரிடம் என்று ஒரு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கிவிட்டால் சாயங்காலம் தேட வேண்டியதில்லை.

அடுத்தது சேனல். எல்லாச் செட்டும் ஒரே சேனலில் இருந்தால் மட்டும் போதாது, டோன் கோடும் ஒன்றாக இருக்க வேண்டும். பேச்சுக்கு அடியில் காதுக்குத் தெரியாத ஒரு தாழ்ந்த ரீங்காரத்தைச் செட் சேர்த்து அனுப்பும். அதே ரீங்காரம் வந்தால்தான் எதிர்ச் செட் வாயைத் திறக்கும். முகூர்த்த நாளில் பக்கத்து மண்டபத்துக்காரர் பேச்சு நம் பந்தியில் வந்து விழாமல் இருக்க இது உதவும்.

ஆனால் டோன் கோடு நம் பேச்சை மறைக்காது. கோடு போடாத செட்டை அதே சேனலில் வைத்திருப்பவர் நாம் பேசுவதை ஒன்று விடாமல் கேட்கலாம். பக்கத்து ஆள் அதே சேனலில் வேறு கோடில் பேசினால் நமக்கு அவர் குரல் கேட்காதே தவிர, பாதை அடைபட்டுத்தான் கிடக்கும். நம் பேச்சு ஏன் போகவில்லை என்றே தெரியாது. மானிட்டர் பட்டனை அழுத்தினால் உண்மை கேட்டுவிடும். கூட்டமாக இருந்தால் வேறு சேனலுக்கு மாறிக்கொள்ள வேண்டியதுதான். உரிமமில்லாத அலைவரிசையில் ‘இது என் சேனல்’ என்று சண்டைக்குப் போக யாருக்கும் உரிமை இல்லை. அதனால் மாற்றுச் சேனல் ஒன்றைக் காலையிலேயே எல்லாருக்கும் சொல்லி வைப்பேன்.

எண்ணெல்லாம் சரிபார்த்தபின் கீபேடைப் பூட்டுங்கள். சட்டைப் பைக்குள் போட்டுக் குனிந்து நிமிர்ந்ததில் சேனல் மாறிப்போனால், அந்த ஆள் அரை மணி நேரம் காணாமல் போனவர்தான். ‘டைம் அவுட்’ இருந்தால் அதையும் ஒரு நிமிடத்துக்கு வைத்துவிடுங்கள். பொத்தானை அழுத்தியபடியே யாராவது உட்கார்ந்துவிட்டால் மற்ற எல்லார் வாயும் அடைபடும், அதைத் தானாக வெட்டிவிடும் வசதி அது. ‘வாக்ஸ்’ என்று, பொத்தான் அழுத்தாமலே குரல் கேட்டதும் பேசத் தொடங்கும் வசதியை அடுப்படியில் அணைத்து வையுங்கள். கேஸ் அடுப்பின் இரைச்சலையே அது பேச்சு என்று எடுத்துக்கொள்ளும். மாஸ்டருக்குச் சட்டையில் மாட்டும் மைக் வாங்கிக் கொடுங்கள், புறங்கையாலேயே அழுத்திப் பேசிக்கொள்வார்.

பேச்சுப் பழக்கம்

கருவியைப் பழகப் பத்து நிமிடம் போதும், பேசப் பழகத்தான் நாளாகும். பொத்தானை அழுத்தி ஒரு நொடி விட்டுப் பேசத் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் முதல் சொல் அறுந்துபோகும். முடித்ததும் ‘ஓவர்’ சொல்லிக் கையை எடுக்க வேண்டும். இருவர் ஒரே நேரத்தில் அழுத்தினால் யார் பேச்சும் உருப்படியாகக் கேட்காது.

எங்கள் பக்கம் யாரையும் பேர் சொல்லிக் கூப்பிட மாட்டோம். எல்லாரும் அண்ணன், தம்பி, அக்கா, மாப்பிள்ளை. ரேடியோவில் ‘அண்ணே’ என்றால் மூன்று அண்ணன்மார் ஒரே நேரத்தில் அழுத்துவார்கள். அதனால் ஆளுக்குப் பதில் இடத்தைக் கூப்பிடுகிறோம். கூப்பிடப்படும் இடம் முதலில், கூப்பிடும் இடம் அடுத்து.

“அடுப்பு, அடுப்பு... பந்தி பேசுறேன்.”

“சொல்லு தம்பி.”

“மூணாவது பந்தி உக்காந்தாச்சுண்ணே. எல, ஒன்னு ரெண்டு சைபர். கறிச் சட்டி அனுப்புங்க. ஓவர்.”

“எல, ஒன்னு ரெண்டு சைபர். கறிச் சட்டி வருது.”

இதில் இரண்டைக் கவனியுங்கள். நூற்றிருபது என்று சொல்லாமல் ஒவ்வோர் இலக்கமாகச் சொல்கிறான். இரைச்சலில் இருபதும் அறுபதும் ஒன்றுபோலத்தான் கேட்கும். கேட்டவர் எண்ணைத் திருப்பிச் சொல்கிறார். திருப்பிச் சொல்லாத சேதி போய்ச் சேர்ந்ததாகக் கணக்கில்லை. இதேபோல ‘வேணும்’, ‘வேணாம்’ இரண்டையும் நாங்கள் ரேடியோவில் விலக்கிவிட்டோம். கடைசி எழுத்துக் கொஞ்சம் அறுந்தால் எது என்று சொல்ல முடியாது. ‘அனுப்புங்க’, ‘நிறுத்துங்க’ என்றால் குழப்பமே இல்லை.

எல்லாருக்கும் கேட்கும் என்பதால்

பந்தியில் பரிமாறுகிறவரின் இடுப்பில் இருக்கும் செட், சம்பந்தி வீட்டார் காதுக்கு அருகில்தான் இருக்கிறது. ‘கறி தீந்துபோச்சு’ என்று அதில் சத்தமாக வந்தால் விருந்து வைத்தவர் முகம் என்ன ஆகும்? பந்திக்குள் இருப்பவர்களுக்கு இயர்போன் கட்டாயம். அதோடு, குறை சொல்லும் சேதிகளை நல்ல வார்த்தையில் சொல்லப் பழக்கியிருக்கிறோம். ‘அடுத்த சட்டி’ என்றால் தீரப்போகிறது என்று அர்த்தம். ‘பெரியவர பந்திக்கு வரச் சொல்லுங்க’ என்றால் ஏதோ தகராறு, நான் நேரில் போக வேண்டும்.

பணம், மொய், நகை, யார் வீட்டில் ஆள் இல்லை என்பதெல்லாம் ரேடியோவில் வரவே கூடாது. மதுரைப் பக்கம் காதுகுத்து மொய் சின்னத் தொகையல்ல. மொய்ப்பெட்டி எந்தக் காரில் ஏறுகிறது என்று அலைவரிசையில் சொல்வது ஊருக்குத் தண்டோரா போடுவதற்குச் சமம். அதற்கு நேரில் போங்கள், அல்லது போன் செய்யுங்கள்.

வெயில், எண்ணெய், குரங்கு

பேட்டரி எட்டு மணி நேரம், பத்து மணி நேரம் என்று போட்டிருப்பது, நூற்றில் ஐந்து பங்கு நேரம் மட்டும் பேசி, ஐந்து பங்கு கேட்டு, தொண்ணூறு பங்கு சும்மா இருக்கிற கணக்கு. அடுப்புச் செட்டும் பந்திச் செட்டும் அதைவிட அதிகம் பேசும். அந்த இரண்டுக்கு மட்டுமாவது மாற்று பேட்டரி வையுங்கள். சித்திரை வெயிலில் பூட்டிய வேனின் டேஷ்போர்டில் செட்டை விடாதீர்கள். லித்தியம் பேட்டரிக்குச் சூடு ஆகாது. எண்ணெய்ப் பிசுக்கை வேலை முடிந்த அன்றே துடையுங்கள், இல்லாவிட்டால் பொத்தான் ஒட்டிக்கொள்ளும். அழகர்கோவிலில் வேலை பார்ப்பவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்கிறேன்: செட்டை மேசைமேல் வைக்காதீர்கள். குரங்கு வாழைப்பழத்தை மட்டும்தான் எடுக்கும் என்று எந்தச் சட்டமும் இல்லை. கழுத்துக் கயிறும் பெல்ட் கிளிப்பும் மலிவான காப்பீடு.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் நான்கு செட்டுக்கு மேல் வாங்க வேண்டாம். அடுப்பு, பந்தி, வாசல், உங்கள் கை. செட் கூடக்கூட வாயும் கூடும், ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். நான்கு பேரும் சுருக்கமாகப் பேசவும் திருப்பிச் சொல்லவும் பழகியபிறகு தண்ணீருக்கு ஒன்று, வண்டிக்கு ஒன்று என்று சேர்த்துக்கொள்ளுங்கள். ஆறு செட்டைத் தாண்டினால் வாசலையும் வண்டியையும் தனிச் சேனலுக்குப் பிரித்துவிடுங்கள். இரண்டு சேனலையும் கேட்கும் செட் ஒன்று உங்களிடம் மட்டும் இருந்தால் போதும்.