கிறிஸ்தவரும் சூழ்ந்துள்ள பண்பாடும்: தென் திருவிதாங்கூர் தரும் பாடம்

பண்படுத்திய நிலத்தில் பயிர் விளைகிறது. பண்பட்ட மக்கள் வாழ்வில் பண்பாடு விளைகிறது. உடை, உணவு, மொழி, தொழில், ஒருவரை ஒருவர் அழைக்கும் முறை ஆகிய யாவும் அதில் அடங்கும். ஒரு சமயத்தைத் தழுவியோர் தம்மைச் சூழ்ந்துள்ள பண்பாட்டோடு எவ்வாறு உறவு கொள்வது? விலகி நிற்பது ஒரு வழி. கரைந்து போவது மற்றொரு வழி. அதனுள் வாழ்ந்தே அதனைத் திருத்துவது மூன்றாவது வழி. கிறிஸ்தவ வேதம் உப்பையும் புளித்த மாவையும் உவமை காட்டுவது இம்மூன்றாம் வழிக்கே. உப்பு உணவோடு கலக்கிறது. ஆயினும் தன் சுவையை இழப்பதில்லை. இவ்வழி நடைமுறையில் எவ்வாறு சென்றது என்பதை நம் எல்லைப்புற வரலாற்றைக் கொண்டு ஆராய்வோம்.

நிலமும் தொடக்கமும்

வெள்ளறடையும் அதனைச் சூழ்ந்த பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளும் இன்று கேரளத்தில் உள்ளன. 1956 நவம்பர் 1-ஆம் நாள் கன்னியாகுமரி மாவட்டம் தமிழகத்தோடு இணைந்தபோது, இவ்வூர்கள் எல்லைக்கு அப்பால் நின்றன. அதற்கு முன் இருபுறமும் திருவிதாங்கூர் என்னும் ஒரே நாடாக இருந்தன. தமிழும் மலையாளமும் ஒரே வீட்டுத் திண்ணையில் பேசப்படும் நிலம் இது.

இங்குச் சீர்திருத்தத் திருச்சபை வேரூன்றியதற்கு மூல காரணர் மேலைநாட்டார் மட்டும் அல்லர். மயிலாடியைச் சேர்ந்த மகாராசன் வேதமாணிக்கம் அழைத்ததன் பேரிலேயே, இலண்டன் மிஷனைச் சார்ந்த செருமானியர் ரிங்கல்தௌபே 1806-இல் இங்கு வந்தார். பின்னர் வந்த மீட் ஐயர், மால்ட் ஐயர் முதலானோர் பள்ளிகளையும் அச்சகத்தையும் நாகர்கோவிலில் நிறுவினர். அவர்தம் மனைவியர் பெண்களுக்கு எழுத்தோடு ரேந்தை பின்னவும் கற்பித்தனர். அவ்வருவாயைக் கொண்டு அடிமைப் பெண்கள் சிலர் தம் விடுதலையையே விலைகொடுத்துப் பெற்றனர். எழுத்தும் ஊசியும் ஒரு பெண்ணின் நிலையை மாற்றின. பண்பாட்டு மாற்றம் மேடைப் பேச்சில் அன்று, இத்தகைய கைத்தொழிலில் தொடங்கியது என்பதை நாம் கருதவேண்டும்.

துணி கற்பித்த உண்மை

அக்காலத்தில் தாழ்த்தப்பட்ட குலத்துப் பெண்கள் மேலாடை அணிதல் தடுக்கப்பட்டிருந்தது. பள்ளிக்கும் கோயிலுக்கும் வந்த கிறிஸ்தவப் பெண்கள் உடல் மறைத்து நடக்கத் தலைப்பட்டபோது எதிர்ப்பு எழுந்தது. 1814-இல் கர்னல் மன்றோ கிறிஸ்தவப் பெண்கள் குப்பாயம் அணியலாம் என இசைவளித்தார். ஆயினும் பூசல் ஓயவில்லை. உயர்குலத்தார் போலத் தோள்சீலை அணிவதை 1829-ஆம் ஆண்டின் அரச ஆணை மீண்டும் தடுத்தது. 1858-இல் மூண்ட கலகம் நெய்யாற்றின்கரை வரை பரவிற்று.

இங்கு ஒன்றை ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். 1814-இல் கிடைத்தது கிறிஸ்தவர்க்கு மட்டும் உரிய சலுகை. சமயம் மாறினால் சட்டை, மாறாவிடில் இல்லை! அதே குலத்தில், அதே தெருவில் வாழ்ந்த மற்றொரு பெண்ணின் மானம் மானம் அன்றோ? 1859 ஜூலை 26-ஆம் நாள் உத்திரம் திருநாள் மார்த்தாண்ட வர்மா வெளியிட்ட பிரகடனம் எச்சமயத்து நாடார் பெண்டிரும் உடல் மறைக்கலாம் என்றது. உயர்குலத்தார் போல அணியலாகாது என்னும் குறை அதிலும் எஞ்சியது. எனினும் சலுகை உரிமையாக மாறத் தொடங்கியது. ஒரு கூட்டத்தாரின் தனிச் சலுகையாக நிற்கும்வரை ஒன்று பண்பாடு ஆவதில்லை. அனைவர்க்கும் பொதுவாகும்போதே அது பண்பாடு ஆகிறது.

அயலாரின் பங்கு

இம்மாற்றம் முழுவதையும் கிறிஸ்தவரே செய்தனர் என்பது வரலாறு அன்று. சாமித்தோப்பில் வைகுண்டர் தம் அடியாரைத் தலைப்பாகையோடு வழிபடச் செய்தார். நெய்யாற்றங்கரையில் உள்ள அருவிப்புறத்தில் நாராயண குரு 1888-இல் சிவலிங்கம் நிறுவினார். வெங்ஙானூர் அய்யன்காளி 1893-இல் தடைசெய்யப்பட்ட பொதுவழியில் வில்வண்டி ஓட்டினார். இவர்கள் கிறிஸ்தவர் அல்லர். கிறிஸ்தவத்தின் எதிரொலியும் அல்லர். தத்தம் மரபில் நின்றே மனித மாண்பை நிலைநாட்டினர். ஆதலின், பண்பாட்டைத் திருத்த விழையும் கிறிஸ்தவர் அயலாரை வெறும் கேட்போராக எண்ணாமல், உடன் உழுவோராக ஏற்றல் வேண்டும்.

நாம் பெறும் பாடங்கள்

முதலாவது, மக்களின் அன்றாடத் தேவையில் கைவைத்தல். 1838-இல் நெய்யூரில் தொடங்கிய மருத்துவப் பணி சமயம் கேட்டுப் புண்ணைக் கட்டவில்லை. 1922-இல் எவரெஸ்ட் ஏறச் சென்ற சோமர்வெல் என்னும் மருத்துவர், நெய்யூரைக் கண்டபின் அங்கேயே பணிபுரியத் துணிந்தார். வெள்ளறடைக்கு அண்மையில் காரக்கோணத்தில் அமைந்த மருத்துவக் கல்லூரி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இரண்டாவது, தமக்கென மட்டும் கேளாமை. ஒரு கோரிக்கையை எழுப்புமுன், இது அடுத்த வீட்டாருக்கும் பயன்படுமா என வினவுதல் நன்று.

மூன்றாவது, தம் வீட்டை முதலில் திருத்துதல். சாதியை எதிர்த்துப் பிறந்த சபைகளுக்குள்ளேயே சாதி புகுந்து, திருமணத்திலும் பதவியிலும் இன்றளவும் தன் கணக்கைக் கேட்கிறது. தன் பந்தியில் வேற்றுமை பார்ப்பவன் ஊர்ப் பந்தியைச் சமமாக்க முடியாது. உப்பு சாரமற்றுப் போவது இங்கேதான்.

மாணவ நண்பர்களே! நம் விடுதியிலும் வகுப்பிலும் பல சமயத்தார் சேர்ந்து வாழ்கிறோம். இதுவும் ஓர் எல்லைப்புறமே. கிறிஸ்தவ மாணவர் தம் சமயத்துக்கு எத்தனை இடம் கிடைத்தது என்று எண்ணுவதை விடுத்து, தம்மால் எத்தனை பேருக்கு இடம் கிடைத்தது என்று எண்ணுவாராக. மற்றைச் சமயத்தார்க்கும் அளவுகோல் இதுவே.