டிரெய்லர் இழுக்க ஒரு பழைய வண்டி: வாங்குமுன் போட வேண்டிய கணக்கு

நம் சங்கத்து அங்கத்தினர்கள் பலருக்குப் பிள்ளையோ பெண்ணோ அமெரிக்காவில் இருக்கிறார்கள். வருடத்தில் சில மாதங்கள் அங்கே தங்கிவிட்டு வருகிறவர்களும் உண்டு. 2023 கோடையில் நானும் என் மனைவியும் கொலராடோ மாநிலத்தில் மகன் வீட்டில் இருந்தோம். அப்போது ஒரு பழைய வண்டி வாங்கும் விஷயத்தில் நான் கொஞ்சம் அதிகமாகவே தலையிட்டேன். தலையிட்டது சரியா என்பதில் வீட்டிலேயே இரண்டு அபிப்பிராயம் இருந்தது. இருந்தாலும் அதில் நான் பார்த்ததும் கணக்குப் போட்டதும் வேறு சிலருக்கும் உபயோகப்படலாம் என்பதால் எழுதுகிறேன்.

அங்கே 'டிராவல் டிரெய்லர்' என்று ஒன்று உண்டு. படுக்கை, சமையல் மேடை, கழிப்பறை, தண்ணீர்த் தொட்டி எல்லாம் உள்ள ஒரு சின்ன வீடு. நடுவில் இரண்டு அச்சு, நான்கு சக்கரம். அதற்கு எஞ்சின் கிடையாது. காரின் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துக்கொண்டு போய், காடு மலை என்று எங்காவது நிறுத்தித் தங்குவார்கள். என் மகன் 25 அடி நீளத்தில் ஒன்றை விலை பேசி முன்பணமும் கொடுத்துவிட்டான். அதை இழுக்கப் பெரிய எஸ்.யூ.வி. வேண்டும். புதியது கட்டுப்படியாகாது, ஆகவே பழையதில் தேடினான்.

நான் ரயில்வேயில் கேரேஜ் அண்ட் வாகன் பிரிவில் வேலை பார்த்தவன். எஞ்சின்காரன் அல்ல, இழுக்கப்படும் பக்கத்தைச் சேர்ந்தவன். அந்தப் புத்தியோடுதான் இதையும் பார்த்தேன்.

மகன் பார்த்து வைத்திருந்தது ஏழு வருடம் ஓடிய வண்டி. பளபளவென்று இருந்தது, தோல் இருக்கை, மேலே கண்ணாடிக் கூரை. விற்பவர் ஒரே ஒரு எண்ணைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னார்: "8,000 பவுண்டு இழுக்கும்." டிரெய்லரின் உச்ச எடை 7,000 பவுண்டுதான். பிறகென்ன என்று மகன் கேட்டான்.

ஓட்டுநர் கதவைத் திறக்கச் சொன்னேன். அங்கே 2006-க்குப் பிறகு வந்த இந்த வகை வண்டி எல்லாவற்றிலும் கதவுத் தூணில் மஞ்சளும் வெள்ளையுமாக ஒரு தாள் ஒட்டியிருக்கும். டயர் காற்றழுத்தத்தோடு, ஆட்களும் சாமானும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று அதில் ஓர் எண் இருக்கும். அதைத்தான் 'பேலோட்' என்கிறார்கள். ஒரே மாடலில் இரண்டு வண்டிகளுக்கு இந்த எண் ஒன்றாக இராது. கண்ணாடிக் கூரை, நான்கு சக்கர இழுவை, மின்சாரப் படிக்கட்டு என்று கம்பெனியில் சேர்த்த ஒவ்வொன்றும் இதிலிருந்து கழியும். அந்தப் பளபளப்பு வண்டியில் எழுதியிருந்தது 1,510.

இனிமேல்தான் கணக்கு. டிரெய்லர் கொக்கியில் மாட்டியபின் அதன் முழு எடையும் அதன் சக்கரத்தின் மேல் நிற்பதில்லை. ஒரு பங்கு இழுக்கும் வண்டியின் பின்பக்கத்தை அழுத்துகிறது. இதற்கு 'டங் வெயிட்' என்று பெயர். டிரெய்லர் எடையில் 10 முதல் 15 சதவீதம் இப்படி அழுத்தியே ஆக வேண்டும். குறைத்தால் டிரெய்லர் வால் ஆட ஆரம்பிக்கும். ரயிலில் இந்தத் தொல்லை கிடையாது, ஒரு வாகனின் எடையை அடுத்த வாகன் சுமப்பதில்லை. இந்த ஒரு இடத்தில்தான் நம் அனுபவம் உதவாது. மாட்டு வண்டியின் நுகத்தடியை நினைத்துக்கொண்டால் சரியாக இருக்கும்.

சாமான், தண்ணீர், எரிவாயு எல்லாம் ஏற்றினால் டிரெய்லர் 6,500 பவுண்டு வரும் என்று வைத்தேன். விற்பனைத் தாளில் 5,200 என்று போட்டிருக்கும், அது வெற்று எடை. அதை நம்பக் கூடாது. ஒரு காலன் தண்ணீரே எட்டு பவுண்டுக்கு மேல். நாற்பது காலன் தொட்டியை நிரப்பினால் 330 பவுண்டு கூடிவிடும். 6,500-ல் 13 சதவீதம் 845 பவுண்டு. கொக்கிச் சாதனங்கள் 100. மகன் 180, மருமகள் 140, குழந்தைகள் இருவரும் சேர்ந்து 130, நானும் மனைவியும் 280. மொத்தம் 1,675. அனுமதி 1,510. இன்னும் ஒரு பெட்டிகூட வைக்கவில்லை.

"அப்பா, இது கூட்ஸ் வண்டி இல்லை. அங்கே எல்லாரும் இப்படித்தான் போகிறார்கள்" என்றான் மகன். முன்பணம் கொடுத்தவனின் கோபம் அது, நியாயமும் உண்டு. நானும் அன்று குரலை உயர்த்திவிட்டேன். மருமகள்தான் தாளை வாங்கிப் பார்த்து, "அப்படியென்றால் ஆறு பேரில் யாரை வீட்டில் விட்டுவிட்டுப் போவது, மாமா?" என்று கேட்டாள். அதோடு அந்த வண்டி போயிற்று.

8,000 பவுண்டு என்று விற்பவர் சொன்னது பொய் அல்ல. அந்த எண் எப்படி வருகிறது என்பதுதான் விஷயம். எஸ்.ஏ.இ. என்னும் மோட்டார் பொறியாளர் சங்கம் இதற்கு ஒரு பொதுப் பரீட்சை வகுத்திருக்கிறது. அரிசோனாவில் டேவிஸ் அணைக்குப் பக்கத்தில் சுமார் 12 மைல் நீள ஏற்றம் இருக்கிறது. கடும் வெயிலில் ஏர்கண்டிஷன் முழுவதும் ஓட, மணிக்கு 40 மைலுக்குக் குறையாமல் அதில் ஏற வேண்டும்; பிரேக், நிலைத்தன்மை ஆகியவற்றுக்கும் தனிச் சோதனைகள் உண்டு. நல்ல பரீட்சைதான். ஆனால் வண்டிக்குள் தலா 150 பவுண்டில் இரண்டு பேர் மட்டும் இருப்பதாகக் கணக்கு. ஆறு பேர் ஏறினால் மற்ற நால்வரின் எடையை நாம்தான் கழித்துக்கொள்ள வேண்டும். மேலும் இந்தப் பரீட்சையை முதலில் ஏற்றுக்கொண்டது டொயோட்டா, 2011 மாடலிலிருந்து. மற்றப் பெரிய கம்பெனிகள் சில வருடம் கழித்தே வந்தன. பழைய வண்டிகளின் எண்கள் அவரவர் சொந்தக் கணக்கு, ஒன்றோடொன்றை ஒப்பிட்டுப் பயனில்லை.

அடுத்தது பல்சக்கரம். பின் அச்சில் உள்ள கியர் விகிதத்தை வாங்குபவர்கள் கேட்பதே இல்லை. நம் ரயில்வேயில் WAG-9 என்று சொல்லாமல் 'வாக் ஒன்பது' என்றே சொல்லிப் பழகிய சரக்கு எஞ்சினைத்தான் பல் விகிதம் மாற்றி 'வாப் ஏழு' என்ற பயணி எஞ்சினாக்கினார்கள். சரக்குக்கு இழுவை, பயணிக்கு வேகம். காரிலும் அதேதான். உதாரணமாக 2015 முதல் 2020 வரை வந்த செவர்லே டாஹோ, சபர்பன் வண்டிகளில் ஒரே எஞ்சினோடு 3.08 விகிதமும் உண்டு, 3.42 விகிதமும் உண்டு. முன்னது பெட்ரோலை மிச்சம் பிடிக்கும், பின்னது இழுக்கும். இரண்டுக்கும் இழுவைத் திறனில் ஆயிரம் பவுண்டுக்கு மேல் வித்தியாசம். வெளியிலிருந்து பார்த்தால் தெரியாது. பல வருட மாடல்களில் முன் இருக்கைக்கு எதிரே உள்ள சாமான் பெட்டியின் உள்ளே ஒரு குறியீட்டுத் தாள் ஒட்டியிருப்பார்கள். அதில் ஜி.யு.4 என்றால் 3.08, ஜி.யு.6 என்றால் 3.42, ஜி.டி.4 என்றால் 3.73. பின்னால் கொக்கி இருப்பதாலேயே அது இழுவை வண்டி என்று நினைத்துவிடக் கூடாது. சைக்கிள் மாட்டவும் கொக்கி போடுவார்கள்.

நீளத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் என் மனது அதில்தான் அதிகம் உறுத்தியது. வாகன் ஓடும்போது பக்கவாட்டில் இப்படியும் அப்படியும் மோதிக்கொண்டு போவதை நாங்கள் 'ஹண்டிங்' என்போம். ஒரு வேகம் வரை அடங்கியிருக்கும். அதைத் தாண்டினால் தானாகவே வளரும். தடம் புரண்ட சில வாகன்களை அளந்து பார்த்த கை இது. டிரெய்லர் வாலாட்டமும் அதே ஜாதி. பக்கத்தில் ஒரு பெரிய லாரி கடந்து போகும் காற்றே ஆரம்பித்து வைக்கப் போதும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே உள்ள தூரம், அதாவது வீல்பேஸ், அதிகமானால் இழுக்கும் வண்டி அந்த ஆட்டத்துக்குச் சுலபத்தில் இடம் கொடுக்காது. அங்கே வழக்கத்தில் உள்ள ஒரு தோராயக் கணக்கு: 110 அங்குலத்துக்கு 20 அடி டிரெய்லர்; அதற்கு மேல் ஒவ்வொரு நான்கு அங்குலத்துக்கும் ஓர் அடி கூட்டிக்கொள்ளலாம். 2020 வரை வந்த டாஹோவுக்கு 116 அங்குலம். இருபத்தொன்றரை அடி வரை சரி. அதன் அண்ணனான சபர்பனுக்கு 130 அங்குலம், 25 அடி. இது சட்டம் அல்ல, ஆனாலும் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு இதற்கு எதிராகப் போக நான் சம்மதிக்க மாட்டேன்.

ஆட்டம் வந்துவிட்டால் காரின் பிரேக்கை அழுத்தக் கூடாது, வேகத்தைக் கூட்டவும் கூடாது. ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஸ்டியரிங்கை நேராகப் பிடித்து, டிரெய்லரின் பிரேக்கை மட்டும் கையால் தள்ளிப் போட வேண்டும். பின்னாலிருந்து இழுத்துப் பிடித்தால் கோர்வை நேராகும். ரயில்காரர்களுக்கு இதைச் சொல்லவே வேண்டியதில்லை. இதற்காக டிரெய்லரில் மின்சார பிரேக்கும், ஓட்டுநர் கையருகே அதன் கட்டுப்பாட்டுப் பெட்டியும் இருக்கின்றன. பல மாநிலங்களில் 3,000 பவுண்டுக்கு மேற்பட்ட டிரெய்லருக்குத் தனி பிரேக் கட்டாயம். கொலராடோவும் அதில் ஒன்று. கொக்கி விட்டுப்போனால் தானே பிரேக் பிடிக்க ஒரு சுவிட்சும் பாட்டரியும் உண்டு. ஹோஸ் பைப் பிரிந்தால் வண்டி நிற்பது போலத்தான். பழைய வண்டி பார்க்கும்போது ஏழு முனை மின் இணைப்பு உயிரோடு இருக்கிறதா என்று சோதித்துவிட வேண்டும்.

மலையைப் பற்றி ஏன் இவ்வளவு கவலை என்றால், நம் போர்காட்டில் கர்ஜத்துக்கும் லோணாவளாவுக்கும் நடுவே உள்ள ஏற்றம் 37-க்கு 1. அதற்கே பின்னால் பேங்கர் எஞ்சின் போடுகிறோம், இறக்கத்துக்குப் பிடி லைன் வைத்திருக்கிறோம். டென்வரிலிருந்து மேற்கே போகும் ஐ-70 சாலையில் 6, 7 சதவீதச் சரிவு. அதாவது 17-க்கு 1, 14-க்கு 1. ரப்பர் சக்கரத்துக்கு இரும்புச் சக்கரத்தைவிடப் பிடிமானம் அதிகம்தான், ஆனால் இறங்கும்போது சூடாவது ரப்பர் அல்ல, பிரேக். அங்கேயும் பிரேக் போன லாரிகள் ஏறி நிற்க ஜல்லி போட்ட ஏற்றப் பாதைகள் வெட்டியிருப்பதைப் பார்த்தேன். பார்த்ததும் நம் காட் செக்‌ஷன் ஞாபகம் வந்தது. அந்தச் சாலையில் ஐசன்ஹோவர் சுரங்கம் 11,000 அடிக்கு மேலே இருக்கிறது. டர்போ இல்லாத எஞ்சின் ஆயிரம் அடிக்குச் சுமார் 3 சதவீத சக்தியை இழக்கும். அந்த உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு போய்விடும். 2015 முதல் ஃபோர்டு எக்ஸ்பெடிஷனில் வரும் டர்போ எஞ்சினுக்கு இந்த நஷ்டம் வெகு குறைவு, அதனால் அதையும் மகன் யோசித்தான். சரிவு எண்ணும் சுமை எண்ணும் சேர்ந்து வந்த ஒன்று பட்ஜெட்டுக்குள் கிடைக்கவில்லை.

கடைசியில் வாங்கியது 2012 மாடல் சபர்பன் 2500. சாதாரணச் சபர்பன் 1500-இன் கனமான உருவம் அது. 2013 மாடலோடு பொதுமக்களுக்கு விற்பது நின்றுவிட்டது. சக்கரத்தில் ஆறு போல்ட்டுக்குப் பதில் எட்டு இருக்கும், தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும். 6 லிட்டர் எஞ்சின், 3.73 விகிதம். கதவுத் தாளில் 2,260. பதினோரு வருடப் பழசு, தோல் இருக்கையில் வெடிப்பு, பெட்ரோல் குடிப்பதில் அசுரன். பேரனுக்குப் பிடிக்கவே இல்லை.

பழசு என்பதால் இரண்டு நாள் பரிசோதித்தோம். முதலில் அடியில் படுத்து சட்டத்தைத் தட்டிப் பார்த்தேன். பனிக்கு உப்புத் தூவும் மிச்சிகன், ஒஹையோ பக்கத்து வண்டிகளில் சட்டமே செதில் செதிலாக உரியும். மேல் பூச்சைப் பார்த்து ஏமாறக் கூடாது. கியர் பெட்டி எண்ணெய் கருத்து, கருகிய வாசனை வந்தால் அந்த வண்டியை விட்டுவிட வேண்டும். அதற்குத் தனிக் குளிர்விப்பான் இருக்கிறதா என்று ரேடியேட்டருக்கு முன்னால் பார்க்கலாம். இறக்கத்தில் பிரேக் பிடிக்கும்போது ஸ்டியரிங் நடுங்கினால் டிஸ்க் சூட்டில் கோணியிருக்கும். கொக்கி மாட்டும் சட்டத்தில் ஒட்டிய தாளில் இரண்டு எண்கள் இருக்கும்: எடைப் பங்கீட்டுச் சாதனம் இல்லாமல் ஒன்று, அதோடு ஒன்று. முதல் எண்ணைப் பார்க்க மறக்கிறவர்கள் அதிகம். டயர் ஓரத்தில் கடைசி நான்கு இலக்கம் வாரமும் வருடமும். 2318 என்றால் 2018-இன் 23-ஆவது வாரம். ரப்பர் பூ தேயாமலே கிழடாகும். இந்த வண்டியின் டயர்கள் ஏழு வருடத்தவை. நான்கையும் மாற்றும் செலவை விலையில் கழிக்கச் சொல்லி மகன் பேசினான், பாதிதான் கழிந்தது. வண்டி எண்ணைக் கொடுத்தால் பாக்கியிருக்கும் இலவசப் பழுதுநீக்கங்களை அந்நாட்டு சாலைப் பாதுகாப்பு இலாகா சொல்லிவிடும், அதையும் பார்த்துக்கொண்டோம்.

முதல் பயணத்தன்று லாரிகள் நிற்கும் ஒரு பெட்ரோல் பங்கில் எடை மேடையில் ஏற்றினோம். சில டாலர் கொடுத்தால் ஒவ்வொரு அச்சுக்கும் தனித்தனியாக எடை அச்சிட்டுக் கொடுக்கிறார்கள். முன் அச்சு 3,360, பின் அச்சு 4,675, டிரெய்லர் அச்சுகள் 5,785. வண்டியின் பங்கு 8,035. அதன் உச்ச வரம்பு 8,600. மகன் சீட்டை இரண்டு தடவை கூட்டிப் பார்த்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். சுரங்கம் வரை ஏற்றத்தில் 45 மைலுக்கு மேல் போகவில்லை, பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். அந்தப் பக்கம் இறக்கத்தில் இரண்டாவது கியரில் விட்டு, அடிவாரத்தில் நிறுத்தியதும் நான் இறங்கிப் போய் டிரெய்லர் சக்கரத்தின் மத்தியில் புறங்கையை வைத்துப் பார்த்தேன். வெதுவெதுப்பாக இருந்தது, அவ்வளவுதான். மருமகள் ஃபிளாஸ்க்கைத் திறந்து எல்லோருக்கும் காபி ஊற்றினாள்.