இறுக்கினால் நிற்காத கசிவு

கார் எஞ்சினின் சிலிண்டர் ஹெட்டின் மேல் கவிழ்ந்து, வால்வுகளை இயக்கும் கேம் ஷாஃப்டையும் அதனைச் சார்ந்த உறுப்புகளையும் காக்கும் மூடியே வால்வு கவர். தமிழ்நாட்டுப் பட்டறைகளில் இது டாப்பட் கவர் என்றும், மூடிக்கும் ஹெட்டுக்கும் இடையில் அமரும் ரப்பர் பட்டை கேஸ்கட் அல்லது பேக்கிங் என்றும் வழங்கப்படுகின்றன. அந்தப் பட்டையின் ஓரத்தில் ஆயில் கசிந்தால் போல்ட்டுகள் தளர்ந்துவிட்டன என்றும், இறுக்கிவிட்டால் கசிவு நின்றுவிடும் என்றும் பலரும் நம்புகின்றனர்.

மூடிக்குள் உள்ள ஆயில் அழுத்தத்தோடு தேங்கி நிற்பதில்லை. அது கேம் தாங்கிகளிலிருந்து சிதறி, ஹெட்டின் துளைகள் வழியே கீழுள்ள ஆயில் தொட்டிக்கு வழிந்துவிடுகிறது. அது வெளியே கசியாமல் தடுக்க ரப்பரின் மீள்தன்மையே போதுமானது. ஆண்டுக்கணக்கில் வெப்பத்தில் வெந்த ரப்பர் கெட்டிப்பட்டு, நசுங்கிய வடிவிலேயே நின்றுவிடும்போதுதான் பெரும்பாலும் கசிவு பிறக்கிறது. பல கார்களில் இந்த போல்ட்டுகளுக்குக் குறிக்கப்பட்டுள்ள முறுக்குவிசை ஏறத்தாழ 10 நியூட்டன் மீட்டரே. 10 சென்டிமீட்டர் ஸ்பேனரின் நுனியில் 10 கிலோ எடையைத் தொங்கவிட்டதற்கு அது ஈடாகும். அதனை மீறி இறுக்கினால் தகட்டு மூடி போல்ட் துளையைச் சுற்றிக் குழிந்து இடைப்பகுதியில் மேலெழும்பும், பிளாஸ்டிக் மூடி விரிசல் விடும், அலுமினிய ஹெட்டின் மரை அறுந்துபோகும். அதன்பின் சிறு வேலை பெருஞ்செலவாகிவிடும்.

பட்டை முழுவதும் சிலிகான் பசை பூசுவது கூடுதல் பாதுகாப்பு என்பதும் தவறே. உட்புறம் பிதுங்கிய பசை உதிர்ந்து ஆயில் தொட்டியின் வடிகட்டியை அடைக்கக்கூடும். எஞ்சினின் ஒரு முனையை மூடும் டைமிங் கவர் வந்து சேரும் மூலைகள் போன்று, தயாரிப்பாளரின் கையேடு குறிப்பிடும் இடங்களில் மட்டுமே ஒரு துளிப் பசை தேவைப்படும்.

புதிய கேஸ்கட்டும் சில மாதங்களில் கசிந்தால், கேஸ்கட் போலியானது என்று முடிவுகட்டுவது எளிது. ஆனால், பிஸ்டன் வளையங்களைக் கடந்து எஞ்சினின் அடிப்பகுதிக்கு இறங்கும் வாயுவை மீண்டும் உறிஞ்சு குழாய்க்கு அனுப்பும் பிசிவி வால்வு அடைபட்டிருந்தால், உள்ளே தேங்கும் அழுத்தம் எந்தப் பட்டையையும் மீறி ஆயிலை வெளியே தள்ளும். பட்டறைகள் பெரிதும் கவனிக்கத் தவறுவது இதனையே. ஆகவே கேஸ்கட் மாற்றும்போது பிசிவி வால்வையும் சோதிக்குமாறு கேட்பது வாகன உரிமையாளரின் உரிமை.

சிறு கசிவால் தீங்கில்லை என்பதே இவற்றுள் ஆபத்தான நம்பிக்கை. வெளியேறும் ஆயில், எஞ்சினின் புகையை வெளியேற்றும் பழுக்கக் காய்ந்த எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டின் மேல் சொட்டினால் தீப்பற்றக்கூடும். இக்காரணத்தினாலேயே ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் தனது 3.8 லிட்டர் வி6 எஞ்சின் கொண்ட கார்களை 2009-இல் சுமார் 15 லட்சமும், 2015-இல் சுமார் 14 லட்சமும் திரும்பப் பெற நேர்ந்தது. ஸ்பார்க் பிளக் குழிக்குள் ஆயில் இறங்கினால் சிலிண்டரில் எரிபொருள் சரியாக எரியாமல் எஞ்சின் திணறும். எனவே அக்குழிகளின் சீல்களையும் கேஸ்கட்டோடு சேர்த்தே மாற்ற வேண்டும்.

எஞ்சினின் அடியில் ஈரம் தெரிவதால் கசிவும் அங்கேதான் என்று ஆயில் தொட்டியைக் கழற்றுவோரும் உண்டு. மேலிருந்து வழியும் ஆயில் காற்றின் வேகத்தில் பின்னோக்கிப் பரவித் தாழ்ந்த இடத்தில் சேர்வதால், எஞ்சினை நன்கு துடைத்து, சில நாள் ஓட்டியபின், புது ஈரம் தென்படும் மிக உயரமான இடத்தையே முதலில் ஆராய வேண்டும்.