டயர் குடிக்கும் டீசல்

கோலார் தங்க வயலின் பெரிய கடைத்தெரு ராபர்ட்சன்பேட்டை. அரிசி, வெங்காயம், சிமெண்ட் எல்லாம் இங்கே லாரியில் வந்து இறங்குகின்றன. லாரிக்கு ஆகும் செலவில் பெரிய செலவு டீசல். அந்த டீசலில் ஒரு பங்கை டயர் குடித்துவிடுகிறது. டயர் எப்படி டீசல் குடிக்கும்?

இங்கிருந்த தங்கச் சுரங்கம் 2001ஆம் ஆண்டு மூடப்பட்டது. அதில் வேலை செய்த பெரியவர்களைக் கேளுங்கள். பூமிக்கு அடியில், கல் நிரப்பிய டிராலியைத் தண்டவாளத்தின் மேல் ஆட்களே தள்ளினார்கள். அதே சுமையை மண் தரையில் தள்ள முடியுமா? முடியாது. இரும்புச் சக்கரமும் தண்டவாளமும் கெட்டியானவை. அவை அமுங்குவதில்லை. அதனால் சுலபமாக உருளும்.

ரப்பர் டயர் அப்படி அல்ல. தரையைத் தொடும் இடத்தில் அது தட்டையாகிறது. சக்கரம் சுற்றச் சுற்ற, டயரின் ஒவ்வொரு பாகமும் அமுங்குகிறது. மறுபடியும் நிமிர்கிறது. இதில் ரப்பர் சூடாகிறது. ஒரு கம்பியை முன்னும் பின்னும் வேகமாக வளைத்துப் பாருங்கள். வளைத்த இடம் சுடும். டயரிலும் அதே கதைதான். அந்தச் சூட்டுக்கு வேண்டிய சக்தி டீசலிலிருந்து வருகிறது.

இதற்கு உருளல் தடை என்று பெயர். சுமையோடு 16 டன் எடையுள்ள லாரி சமமான தார்ச்சாலையில் உருள வேண்டும். அதற்கு மட்டும் சுமார் 100 கிலோ எடையைத் தூக்கும் பலம் தேவை. காற்று குறைந்தால் டயர் அதிகமாக மடங்கும். தடையும் கூடும்.

"எல்லா டயரையும் தட்டிப் பார்த்துட்டேன் அண்ணே. காத்து சரியா இருக்கு" என்பார் கிளீனர்.

"சத்தம் பவுண்டு சொல்லாதுப்பா. கேஜ் வச்சுப் பாரு" என்பார் விவரம் தெரிந்த டிரைவர்.

டிரைவர் சொல்வதே சரி. 100 பவுண்டு இருக்க வேண்டிய டயரில் 80 பவுண்டு இருக்கலாம். தட்டினால் வித்தியாசம் தெரியாது. பின்பக்க இரட்டை டயரில் உள் டயரைப் பலர் விட்டுவிடுகிறார்கள். அதில் காற்று குறைந்தால் வெளி டயர் கூடுதல் சுமை தாங்கும். இரண்டும் கெடும். அதிகம் சூடான டயர் ஓட்டத்தில் வெடிக்கலாம். அப்போது போவது டீசல் மட்டும் அல்ல, உயிரும்தான்.

ஒரு கணக்குப் போடுங்கள். லாரி மாதம் 4,000 கிலோமீட்டர் ஓடுகிறது. லிட்டருக்கு 4 கிலோமீட்டர் தருகிறது. டீசல் 1,000 லிட்டர் ஆகும். நூற்றுக்கு 3 மிச்சமானால் 30 லிட்டர். இன்றைய விலையால் அதைப் பெருக்கிப் பாருங்கள்.

காற்றை எப்போது பார்ப்பது? காலையில், வண்டி கிளம்பும் முன்பு. ஓடிய டயரில் சூட்டினால் கேஜ் கூடுதலாகக் காட்டும். அதைக் கண்டு காற்றை இறக்கிவிடக் கூடாது. ஆறியதும் குறைந்துபோகும். அதற்காக அளவுக்கு மேல் அடிப்பதும் தப்பு. டயர் நடுவில் தேயும், சாலையைப் பிடிக்காது.

தேய்ந்த டயர் இன்னும் லேசாக உருளும் என்பது உண்மைதான். ஆனால் மழையில் அது வழுக்கும். அந்த மிச்சம் யாருக்கும் வேண்டாம்.

பழைய நைலான் டயரில் நூல் அடுக்குகள் குறுக்கும் நெடுக்குமாக இருக்கும். ரேடியல் டயரில் நூல்கள் ஓரத்திலிருந்து ஓரத்துக்கு நேராகப் போகும். மேலே எஃகுப் பட்டை இருக்கும். அதனால் தடை குறைவு. பிரான்சின் மிஷெலின் கம்பெனி 1946இல் இதற்குக் காப்புரிமை கேட்டது. நம் நாட்டு லாரிகளில் 2000க்குப் பிறகே இது பரவியது. சரியான காற்று இருந்தாலும் ரேடியல் டயர் கீழே கொஞ்சம் பிதுங்கியே தெரியும். கண்ணை நம்பினால் ஏமாறுவோம். ஒரே அச்சில் ரேடியலையும் நைலானையும் கலந்து மாட்டவும் கூடாது.