அலிபிரியில் எறிந்த பெட்டி

சித்தூர் வழியாகத் திருமலை செல்லும் தமிழ் யாத்திரிகர்களுக்கு அலிபிரிச் சோதனைச் சாவடி நன்கு அறிமுகமானது. பீடி, சிகரெட், குட்கா, மது, மாமிசம் எதற்கும் அதற்கு மேல் இடமில்லை. 'ஒரு மணி நேரம்கூட விட முடியாது' என்று வீட்டில் சொல்லி வந்தவரும் அங்கே பெட்டியை எறிந்துவிட்டு மலையேறுகிறார். தரிசனம் முடிந்து இரண்டு நாள் கழித்தே இறங்குகிறார். அச்சத்தால் விட்டாரா, பக்தியால் விட்டாரா என்பது தத்துவ விசாரணைக்கு உரியது. நுரையீரல் அந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை.

அலிபிரிப் பாதையில் ஏறத்தாழ 3,550 படிகள். செங்குத்தான முதற்பகுதி முடியும் இடத்தில் காலி கோபுரம் நிற்கிறது. தெலுங்கில் 'காலி' என்றால் காற்று. புகைபிடிப்பவர் அங்கே வந்து சேரும்போது அந்தக் காற்றுக்காகத்தான் தவிக்கிறார். புகையிலுள்ள கார்பன் மோனாக்சைடு, பிராணவாயுவைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேல் இறுக்கமாக இரத்தத்தின் ஹீமோகுளோபினைப் பற்றிக்கொள்கிறது. ஆகவே அவர் மூச்சை எவ்வளவு இழுத்தாலும் தசைகளுக்குப் போதிய பிராணவாயு போய்ச் சேருவதில்லை.

மூச்சுக்குழாயின் உட்சுவரில் கண்ணுக்குத் தெரியாத நுண்மயிர்கள் உள்ளன. தூசியையும் சளியையும் ஓயாமல் மேலே தள்ளுவது அவற்றின் பணி. புகை அவற்றை முடக்குகிறது. காலை நேர இருமல் அதன் விளைவே. வாகனப் புகை, எரியும் குப்பை, விறகடுப்பு ஆகியவற்றிலிருந்து வரும் தூசியில் 2.5 மைக்ரானுக்கும் குறைந்த துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை செல்லக்கூடியவை. காவல் தளர்ந்த மூச்சுக்குழாய்க்கு நகரக் காற்று இரட்டைத் துன்பம். (திருமலைப் பாதையில் 2022 முதல் மின்சாரப் பேருந்துகளும் ஓடுகின்றன, ஆனால் பிடிப்பவர் வாயிலிருந்து வரும் புகையை எந்தப் பேருந்தும் குறைக்காது. அதை வீட்டிலுள்ள குழந்தையும் சுவாசிக்கிறது.)

மலைமேல் கழிந்த அந்த இரண்டு நாட்களில் நிகழ்வது வியப்புக்குரியது. ஒரு நாளுக்குள் இரத்தத்தில் கார்பன் மோனாக்சைடு இயல்பு நிலைக்கு இறங்குகிறது. நுண்மயிர்கள் மெல்ல மீளத் தொடங்குகின்றன. அழிந்துபோன காற்றுச் சிற்றறைகள் மட்டும் திரும்புவதில்லை. எனினும் மேலும் அழிவது தணிகிறது.

துரதிர்ஷ்டவசமாக, நிகோடின் ஏக்கம் உச்சத்தை எட்டுவதும் இரண்டாம், மூன்றாம் நாட்களில்தான். சரியாக அந்த வேளையில் அவர் கீழே இறங்கி, பேருந்து நிலையத்தின் பெட்டிக்கடைமுன் நிற்கிறார். அந்தச் சில நாட்களைத் தாண்டிவிட்டால் ஏக்கம் படிப்படியாகத் தளரும். முதல் வாரங்களில் இருமல் சற்று மிகலாம். நுண்மயிர்கள் மீண்டும் வேலை செய்கின்றன என்பதே அதன் பொருளாக இருக்கக்கூடும். நீடித்தால் மருத்துவரைக் காண வேண்டும். தனியே முடியாதவருக்கு மருந்தும் ஆலோசனையும் உண்டு. 1800-11-2356 என்ற கட்டணமில்லாத் தொலைபேசி எண், அவர் அலிபிரியில் எறிந்த பெட்டியின் மீதே அச்சிடப்பட்டிருக்கிறது.