எறியும் கையை எடைபோடல்

ஒருவனிடத்து உள்ள ஆற்றலைக் கண்டறிதல் அரிது. அவ்வாற்றல் நாளை எவ்வளவு வளரும் என்று கணித்தல் அதனினும் அரிது. நாற்றின் நிறத்தைப் பார்த்தே விளைச்சலை ஒருவாறு கூறவல்ல உழவர் உண்டு. ஆனால், மனிதனின் வளர்ச்சி பயிரின் வளர்ச்சிபோல் ஒரே வழியில் நடப்பதன்று. ஆதலினாலேயே திருவள்ளுவர், ஒரு வினைக்கு உரியவரைத் தேரும் முறையை விளக்குதற்குத் ‘தெரிந்து தெளிதல்’, ‘தெரிந்து வினையாடல்’ என இரண்டு அதிகாரங்களை வகுத்தார். நிறையை மட்டும் கண்டு மயங்காமலும், குறையை மட்டும் கண்டு வெறுக்காமலும், இரண்டையும் ஒருங்கே ஆராய்ந்து மதிப்பிட வேண்டும் என்பது அவர் காட்டும் நெறி. அரசர்க்கு உரைத்த அந்நெறி ஆடுகளத்திற்கும் பொருந்தும். விரைந்து பந்தெறியும் இளைஞன் ஒருவன், அதனையே தன் வாழ்க்கைத் தொழிலாகக் கொள்ளத் தக்கவனா என்பதை எவ்வாறு அறிவது? இப்பாடத்தில் அதனைக் காண்போம்.

புதுச்சேரி மாணவர்க்கு எறியும் கையின் பெருமை புதியதன்று. பிரெஞ்சு ஆட்சியின் நினைவாக, ‘பெத்தாங்க்’ என்னும் ஆட்டம் இந்நகரில் இன்றும் ஆடப்படுகிறது. தரையில் வரைந்த சிறு வட்டத்துள் இரு கால்களையும் ஊன்றி நின்று, ஆறு முதல் பத்து மீட்டர் தொலைவில் கிடக்கும் சிறிய மரக்குண்டின் அருகே இரும்புக் குண்டை எறிந்து நிறுத்துதல் வேண்டும். தோள்வலி மிக்க இளைஞனை நரைத்த தலையினர் ஒருவர் இவ்வாட்டத்தில் எளிதாக வெல்லக்கூடும். கையின் வலிமை வேறு, கையின் அடக்கம் வேறு என்னும் உண்மையை அவ்வாட்டம் நமக்கு உணர்த்துகிறது.

2018ஆம் ஆண்டு முதல் புதுச்சேரி அணி ரஞ்சிக் கோப்பைக் கிரிக்கெட்டுப் போட்டியில் ஆடி வருகிறது. சிற்றூர்த் திடலில் ஆடும் சிறுவனுக்கும் ஒரு வாயில் திறந்திருக்கிறது. வாயில் திறந்தவுடன் வினாவும் எழுகிறது: “என் மகன் வேகமாகப் பந்து வீசுகிறான், படிப்பை நிறுத்திவிட்டு ஆட்டத்திலேயே விடலாமா?” இவ்வினாவிற்கு விடை கூறுவோர் ஒரு குடும்பத்தின் எதிர்காலத்தையே தம் நாவில் ஏந்தி நிற்கின்றனர். இதனை நெடுங்காலமாக நுணுகி ஆராய்ந்து, ஒரு தொழிற்கலையாகவே வளர்த்தவர் அமெரிக்கர். ஆதலின், அவர்தம் பேஸ்பால் ஆட்டத்தில் இளம் பந்தெறிவோனை எவ்வாறு மதிப்பிடுகின்றனர் என்பதை முதலில் அறிவோம்.

பந்தெறிவோன் பணி

பேஸ்பால் ஆட்டத்தில் பந்தெறிவோன், சிறிது உயர்ந்த மேட்டின்மீது நின்று, 60 அடி 6 அங்குலத் தொலைவில் உள்ள இலக்கை நோக்கி எறிவான். பந்து தரையில் படாமலே செல்லும். கிரிக்கெட்டுப் பந்து வீச்சாளனைப்போல் அவன் ஓடி வருவதில்லை. முழங்கையை மடக்கி நீட்டி எறிய அவனுக்கு உரிமை உண்டு. இலக்கின் அகலம் 17 அங்குலம். உயரம், மட்டையாளனின் முழங்காலிலிருந்து மார்பின் நடுப்பகுதி வரை. மட்டையாளன் அடிக்கத் தவறினாலோ, இவ்வெல்லைக்குள் வரும் பந்தை அடியாது விட்டாலோ, அது அவனுக்கு ஒரு பிழையாகும். மூன்று பிழைகள் சேர்ந்தால் அவன் வெளியேறுவான். எல்லைக்கு வெளியே எறிந்த பந்துகளை அவன் அடியாது விட, அவை நான்கு ஆயின், அவன் முதல் தளத்தைத் தடையின்றி அடைவான். மணிக்கு 90 மைல் வேகத்தில் வரும் பந்து, அரை நொடிக்கும் குறைந்த நேரத்தில் மட்டையாளனைச் சென்றடையும். அந்த இமைப்பொழுதில்தான் இருவர்தம் வெற்றியும் தோல்வியும் அடங்கியுள்ளன.

ஐந்து அளவுகோல்கள்

இளைஞரின் திறன் காண்பதையே தொழிலாகக் கொண்டோர் அந்நாட்டில் பலர் உளர். அவர்கள் ஊர் ஊராகச் சென்று, பள்ளித் திடல்களின் ஓரத்தில் அமர்ந்து, கையில் குறிப்பேட்டுடன் ஆட்டத்தைக் கூர்ந்து நோக்குவர். அவர்கள் ஆராய்வனவற்றை ஐந்தாகத் தொகுத்துக் கூறலாம்.

முதலாவது வேகம். இதனைக் கருவியால் அளக்கலாம். அளக்க எளிதாக இருப்பதனாலேயே பலர் இதனையே முழு அளவாகக் கொண்டு ஏமாறுவர்.

இரண்டாவது அடக்கம், அஃதாவது, நினைத்த இடத்தில் பந்தைச் செலுத்தும் ஆற்றல். ஸ்டீவ் டல்காவ்ஸ்கி என்பவர் 1957 முதல் 1965 வரை அமெரிக்கக் கீழ்நிலைக் கழகங்களில் ஆடியவர். அவரைவிட விரைந்து எறிந்தவரைக் கண்டதில்லை என்று உடன் ஆடியோர் பலர் வியந்தனர். 1960ஆம் ஆண்டில் அவர் 262 பேரைப் பிழைகளால் வெளியேற்றினார். அதே ஆண்டில் 262 பேருக்கு முதல் தளத்தைத் தாமே கொடுத்தும் விட்டார்! வலக்கையால் ஈட்டியதை இடக்கையால் இழந்தவாறு ஆயிற்று. சில ஆண்டுகளில் அடக்கம் கைகூடத் தொடங்கிற்று. ஆனால், 1963இல் கை காயமுற்றது. உயர்நிலைக் கழக ஆட்டம் ஒன்றில்கூட அவர் ஆடவில்லை. இதற்கு மாறாக, கிரெக் மேடக்ஸ் என்பவர் வேகத்தாற் புகழ்பெற்றவர் அல்லர். நினைத்த இடத்தில் எறியும் நுட்பத்தையே படையாகக் கொண்டு, 1986 முதல் 2008 வரை உயர்நிலைக் கழகங்களில் நிலைத்து ஆடி, 355 வெற்றிகள் ஈட்டினார்.

மூன்றாவது பந்தின் வகை. ஒரே வகைப் பந்தை எத்துணை வேகமாக எறிந்தாலும், நல்ல மட்டையாளன் அதற்குப் பழகிவிடுவான். விரைந்து செல்லும் பந்து, வளைந்து இறங்கும் பந்து, கையசைவில் வேகத்தைக் காட்டி மெதுவாகச் செல்லும் பந்து எனப் பலவற்றை ஒரே தோற்றத்தோடு எறிதல் வேண்டும்.

நான்காவது உடலும் எறியும் முறையும். உயரம், தோளின் அகலம், காலின் உறுதி ஆகியவற்றோடு, நூறாவது பந்தையும் முதற்பந்தைப் போலவே எறிய இயலுமா என்பதையும் நோக்குவர். முறை கெட்டு எறிபவனது முழங்கையின் உட்புறத் தசைநார் நாளடைவில் நைந்து அறுபடக்கூடும்.

ஐந்தாவது மனம். எதிரி பந்தை எல்லைக்கு அப்பால் அடித்துவிட்டான் எனின், அடுத்த பந்தை இளைஞன் எவ்வாறு எறிகிறான்? தோழன் ஒருவன் பந்தைத் தவறவிட்டால் அவனைச் சினந்து நோக்குகிறானா? பயிற்றுவோன் திருத்தம் கூறினால் செவி சாய்க்கிறானா? கருவியால் அளக்க இயலாத இவற்றைக் கண்ணாலும் பொறுமையாலும்தான் அளக்க வேண்டும்.

இன்றும் நாளையும்

இவ்வாறு கண்டவற்றிற்கு 20 முதல் 80 வரை மதிப்பெண் இடுவர். 50 என்பது உயர்நிலைக் கழக ஆட்டக்காரரின் நடுத்தர அளவு. இம்முறையில் ஒரு நுட்பம் உண்டு. ஒவ்வொரு திறனுக்கும் இரண்டு மதிப்பெண்கள் இடப்படும்: ஒன்று, இளைஞன் இன்று இருக்கும் நிலைக்கு, மற்றொன்று, அவன் நாளை அடையக்கூடிய நிலைக்கு. இன்று 35 பெறுபவன் நாளை 55 பெறலாம். இன்று 45 பெறுபவன் அங்கேயே நின்றுவிடலாம். பதினாறு வயதில் முழு வளர்ச்சி பெற்றவன் தன் வயதினரை வெல்வதில் வியப்பில்லை. மற்றவரும் வளர்ந்தபின் அவன் நிலை யாது என்பதே வினா. பள்ளித் தேர்விலும் இத்தகைய இரண்டாம் மதிப்பெண் ஒன்று இருப்பின் எத்துணை நலமாக இருக்கும்!

இந்திய இளைஞர் இருவர்

இக்கலை நம் நாட்டிலேயே ஒருமுறை சோதிக்கப்பட்டது. அமெரிக்கர் சிலர் இந்தியாவில் பந்தெறியும் போட்டி ஒன்றை நடத்தினர். முப்பதாயிரத்திற்கும் மேற்பட்ட இளைஞர் கலந்துகொண்ட அப்போட்டியில், 2008ஆம் ஆண்டு ரிங்கு சிங் என்பவர் முதலிடம் பெற்றார்; தினேஷ் படேல் அவரை அடுத்து நின்றார். இருவரும் உத்தரப் பிரதேசத்தினர்; ஈட்டி எறிதலிற் பயின்றவர்; பேஸ்பால் ஆட்டத்தை முன்பு அறியாதவர். மணிக்கு 87 மைல் வேகத்தில் எறிந்த ரிங்குவுக்கு ஓரிலட்சம் டாலர் பரிசு கிடைத்தது. இருவரும் அமெரிக்கா சென்று, டாம் ஹவுஸ் என்னும் பயிற்சியாளரிடம் சில திங்கள் பயின்றனர். அவ்வாண்டு நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் கழகம் இருவரையும் ஒப்பந்தம் செய்துகொண்டது.

பின்னர் நிகழ்ந்தது என்ன? தினேஷ் இரண்டு பருவங்கள் ஆடியபின், 2010இல் கழகத்தினின்று விடுவிக்கப்பட்டார். ரிங்கு படிப்படியாக முன்னேறினார். 2011ஆம் ஆண்டில், ஒன்பது சுற்றுக்குச் சராசரியாக மூன்று ஓட்டங்களுக்கும் குறைவாகவே எதிரிகட்குக் கொடுத்தார். ஆயினும், அடுத்துவந்த கைக்காயங்கள் அவரைப் பல காலம் களத்தினின்று விலக்கி வைத்தன. உயர்நிலைக் கழகத்தை எட்டாமலே அவர் அவ்வாட்டத்தை விட்டு, 2018இல் மற்போர்த் துறையிற் புகுந்தார்.

எனின், தேர்ந்தெடுத்தோர் பிழை செய்தனரா? முற்றும் பிழை என்று கூற இயலாது. அவர்கள் கண்ட வேகம் உண்மை. கற்கும் ஆர்வமும் உண்மை. ஆனால், எட்டு வயது முதல் ஆடிப் பழகியவனுக்கும், இருபதாம் வயதை நெருங்கித் தொடங்கியவனுக்கும் இடையே பல்லாயிரம் பந்துகளின் வேறுபாடு இருக்கிறது. பந்து எங்கே வரும், மட்டையாளன் என்ன நினைக்கிறான் என்னும் அறிவு, வெறும் தோள்வலியால் வருவதன்று. கையின் வேகத்தை ஒரு நாளில் அளந்துவிடலாம். ஆட்டத்தின் அறிவை ஊட்ட ஆண்டுகள் வேண்டும்.

சின்னப்பம்பட்டி இளைஞர்

இதற்கு மறுதலையான வரலாறு ஒன்று தமிழகத்தில் உண்டு. சேலம் மாவட்டச் சின்னப்பம்பட்டியிற் பிறந்த நடராசன், எளிய குடும்பத்தினர். இருபது வயதளவும் டென்னிசுப் பந்திலேயே ஆடி வந்தார். ஊர் ஆட்டக்காரர் ஒருவர் அவர் திறனைக் கண்டு சென்னைக்கு வழிகாட்டினார். 2015இல் ரஞ்சிக் கோப்பையில் முதன்முதல் ஆடியபோது, அவர் வீசும் முறை விதிக்குப் புறம்பானதோ என்ற ஐயம் எழுந்தது. அவர் மனம் தளராது, தம் வீச்சு முறையையே திருத்திக்கொண்டு மீண்டு வந்தார். மட்டையாளனின் காலடியில் குறி தவறாது இறங்கும் பந்தே அவர்தம் சிறப்பாயிற்று. 2020 டிசம்பர் முதல் 2021 சனவரி வரை, ஆஸ்திரேலியப் பயணம் ஒன்றிலேயே மூவகைக் கிரிக்கெட்டு ஆட்டங்களிலும் இந்தியாவிற்காக முதன்முதல் ஆடும் பேறு பெற்றார். முதல் தடையிலேயே அவரைப் புறக்கணித்திருந்தால் இழப்பு யாருக்கு? அடக்கமும் மனத்திண்மையும் வேகத்தினும் நெடுந்தொலைவு செல்லும் என்பதற்கு அவர் சான்று.

‘இது உனக்கு உரியதன்று’ என்று தக்க காலத்தில் கூறுவதும் ஓர் உதவியே. 1987ஆம் ஆண்டு சென்னையில் தொடங்கிய வேகப்பந்துப் பயிற்சி நிலையத்திற்குச் சச்சின் டெண்டுல்கர் என்னும் சிறுவரும் வந்தார். அங்குப் பயிற்றிய ஆஸ்திரேலிய வீரர் டென்னிஸ் லில்லி, மட்டைப் பயிற்சியிலேயே கருத்தூன்றுமாறு அவருக்கு அறிவுரை கூறினார். அதன் பயனை உலகம் அறியும்.

கையைக் காத்தல்

திறனைக் கண்டபின் அதனைக் காப்பதும் கண்டோர் கடமையே. 1974ஆம் ஆண்டு, டாமி ஜான் என்னும் பந்தெறிவோனின் அறுந்த தசைநாருக்கு மாற்றாக, அவர் உடலின் வேறோர் இடத்து நாரை எடுத்துப் பொருத்தினார் மருத்துவர் பிராங்க் ஜோப். டாமி ஜான் மீண்டும் களம் புகுந்து, 1989 வரை ஆடினார். மருத்துவம் இத்துணை வளர்ந்திருப்பினும், வருமுன் காத்தலே அறிவுடைமை. 2014இல் அமெரிக்காவில் வகுத்த நெறிமுறைப்படி, 13 முதல் 16 வயது வரை உள்ளவர் ஒரே நாளில் 95 பந்துகளுக்குமேல் எறிதல் கூடாது. 17, 18 வயதினர்க்கு எல்லை 105 பந்துகள். எறிந்த அளவிற்கு ஏற்ப ஓய்வு நாள்களும் வகுத்துள்ளனர். ஒரு கோப்பையை வெல்ல வேண்டி, சிறுவன் ஒருவனை ஓய்வின்றி எறியச் செய்யும் பயிற்சியாளர், விதைநெல்லைக் குற்றி உண்பவரை ஒப்பர்.

மாணவர்களே! ஒரு நாள் ஆட்டத்தைக் கண்டு ஒருவனைப் புகழவும் வேண்டா, இகழவும் வேண்டா. வெயிலிலும், களைப்பிலும், தோல்வியிலும் அவன் எறிவதைப் பல நாள் காணுங்கள். இன்றைய நிலையை ஒரு புறமும், நாளைய வளர்ச்சியை மறுபுறமும் எழுதுங்கள். ஆடுவோர் நீங்களே ஆயின், கல்வியைக் கைவிடாதீர்கள். ஒரு தசைநார் அறுந்தால் ஆட்டம் நின்றுவிடும்; கற்ற கல்வி அவ்வாறு அறுபடுவதன்று. முப்பதாயிரவருள் இருவர் தேறினர். அவ்விருவரும் உச்சியை எட்டவில்லை. அதனால் முயற்சி வீணென்பது பொருளன்று. முயற்சிக்குத் துணையாக மற்றொரு வழியும் இருத்தல் வேண்டும் என்பதே பொருள். எறியும் கையை எடைபோடுவோர், அக்கையை நம்பி நிற்கும் ஒரு வாழ்வையும் உடன் எடைபோடுகின்றனர். ஆதலின், அவர்தம் தராசு நடுநிலை பிறழாததாகவும், அதனை ஏந்தும் உள்ளம் அன்புடையதாகவும் இருத்தல் வேண்டும்.

வினாக்கள்

1. கையின் வலிமை, கையின் அடக்கம் ஆகியவற்றிடையே உள்ள வேறுபாட்டைப் பெத்தாங்க் ஆட்டத்தைக் கொண்டு விளக்குக.
2. இளம் பந்தெறிவோனை மதிப்பிடும் ஐந்து அளவுகோல்கள் யாவை?
3. ஒரே திறனுக்கு இரண்டு மதிப்பெண்கள் இடுவதன் நோக்கம் என்ன?
4. ரிங்கு சிங், நடராசன் ஆகிய இருவர் வரலாற்றையும் ஒப்பிட்டு ஒரு பக்க அளவில் எழுதுக.
5. உம் பள்ளியில் பந்து வீசும் மாணவர் ஒருவரின் ஆட்டத்தைப் பல நாள் கண்டு, அவர்தம் நிறையையும் குறையையும் நடுநிலையோடு எழுதுக.