சாவகத்துப் பெருந்தூபியும் நாம் பெறும் பாடமும்

மணிமேகலைப் பாடம் நடத்துங்கால் மாணவர் ஒருவர், "ஐயா, பௌத்தக் காப்பியத்தை நாம் ஏன் பயில வேண்டும்?" என்று வினவினார். அதற்குரிய விடையைச் சாவகத் தீவில் யாம் கண்டோம். ஆபுத்திரன் மறுபிறவியில் ஆண்டதாகச் சாத்தனார் கூறும் சாவகம், இன்றைய இந்தோனேசியாவின் சாவாத் தீவே என்பர் அறிஞர்.

அங்கு, யோக்யகர்த்தா நகருக்கு வடமேற்கே ஏறத்தாழ 40 கிலோமீட்டர் தொலைவில் உள்ளது போரோபுதூர். சைலேந்திர மன்னர் காலத்தில், கி.பி. 8, 9ஆம் நூற்றாண்டுகளில் எழுந்தது. சதுரத் தளங்கள் 6; அவற்றின்மேல் வட்டத் தளங்கள் 3; உச்சியில் ஒரு பெருந்தூபி. உட்புகுந்து வழிபடக் கருவறை இல்லை. வலம் வந்து மேலேறுதலே வழிபாடு.

குன்றின்மீது அடுக்கிய கற்களினூடே மழைநீர் புகுந்ததால் சுவர்கள் சாய்ந்தன. 1907 முதல் 1911 வரை டச்சுப் பொறியாளர் வான் எர்ப் செப்பனிட்டார். பின்னர் 1973 முதல் 1983 வரை இந்தோனேசிய அரசும் யுனெஸ்கோவும் இணைந்து 10 லட்சத்திற்கும் மேற்பட்ட கற்களைக் கழற்றித் தூய்மை செய்து, வடிகால் அமைத்து, மீண்டும் அடுக்கின. 1985இல் குண்டுவெடிப்பில் 9 தூபிகள் சிதைந்தபோது அவற்றையும் சீர்செய்தனர். அந்நாட்டு மக்களுள் பெரும்பான்மையினர் முஸ்லிம்கள் என்பது ஈண்டு நினையத்தக்கது.

சிற்பம் அழிந்துபட்ட இடங்களில் செதுக்காத வெறுங்கற்களே நிற்கக் கண்டோம். இல்லாததைக் கற்பனையால் நிரப்பாத அந்நேர்மை, நல்ல பதிப்பாசிரியர்க்கும் உரியது. சைவரான உ.வே. சாமிநாதையர் பௌத்த சமயக் கருத்துகளை முயன்று கற்றே 1898இல் மணிமேகலையைப் பதிப்பித்தார்.

நம் நாகப்பட்டினத்திலும் சைலேந்திர மரபினர் சூடாமணி விகாரம் எழுப்பினர். சைவனாகிய முதலாம் இராசராசன் அதற்கு ஆனைமங்கலம் என்னும் ஊரை ஈந்தான். நாகப்பட்டினத்தில் எஞ்சி நின்ற பழைய பௌத்தக் கோபுரமோ 1867இல் இடிக்கப்பட்டது. காப்பார் இன்மையால் நாம் இழந்தோம்.

மாணவச் செல்வங்களே! நம் இல்லங்களின் பழம்பெட்டிகளிலும் அரபுத் தமிழ்க் கையெழுத்துப் படிகள் செல்லரித்துக் கிடக்கக்கூடும். பிறர் செல்வத்தைப் போற்றக் கற்றவரே தம் செல்வத்தின் அருமையையும் உணர்வர். இவ்விடுமுறையில் ஊருக்குச் செல்வோர், பெரியோரின் இசைவுடன் அப்பெட்டிகளைத் திறந்து பாருங்கள். கிடைப்பனவற்றைப் பட்டியலிட்டு வாருங்கள். அன்று எழுந்த வினாவிற்கு யாம் கூறும் விடை இதுவே.